பணி வகுத்த இராமாநுசர்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊர் உள்ளது. பாறையைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிங்கப் பெருமான் வீற்றிருப்பதால் அவ்வூர் அப்பெயர் பெற்றது. அங்கிருந்து பிரியும் சாலை ஒன்று ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூரைச் சென்று சேர்கின்றது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த அந்நிலப்பரப்பில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இத்தகைய தொழிற்சாலைகளில் எண்ணிறந்த பொருள்களின் கணக்கைக் காத்து, கேட்போர்க்கெல்லாம் நொடிப்பொழுதில் விடை கூறுவது கணினியே. ஒரே வேளையில் பலர் கேட்பினும் அது மயங்குவதில்லை. பணியைப் பகுத்து, பகுத்த பணிக்கு ஆள் வகுத்து, வகுத்த ஆளைக் கண்காணிக்கும் முறை அதனுள் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். இந்த அருங்கலையில் தலைசிறந்து விளங்கிய சான்றோர் ஒருவர், அச்சாலை சென்று சேரும் திருப்பெரும்புதூரிலேயே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றினார். அவரே இராமாநுசர்.

மரபுக் கணக்கின்படி இராமாநுசர் 1017ஆம் ஆண்டில், சித்திரைத் திங்கள் திருவாதிரை நாளில் பிறந்தார். தந்தையார் கேசவ சோமயாசியார்; தாயார் காந்திமதியார். குழந்தைக்கு மாமனாகிய பெரிய திருமலை நம்பி இளையாழ்வார் என்று பெயரிட்டார். இளமையிலேயே வேதம் முதலிய கலைகளைக் கற்ற இளையாழ்வார், தந்தையார் மறைந்தபின் காஞ்சிமாநகரில் குடியேறி, யாதவப்பிரகாசர் என்னும் பேராசிரியரிடம் மேற்கல்வி பயின்றார். ஆசிரியர் கூறிய பொருள் தமக்குப் பொருந்தாதாகத் தோன்றியபொழுது, மாணவர் பணிவுடன் வேறு பொருள் உரைத்தார். அறிவுடைய மாணவனைக் கண்டு மகிழ வேண்டிய ஆசிரியர் மனம் புழுங்கினார். காசி யாத்திரை என்னும் பெயரால் அவரை அழைத்துச் சென்று வழியிலேயே உயிர்போக்க ஒரு சூழ்ச்சி நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. உடன் சென்ற உறவினராகிய கோவிந்தர் அச்சூழ்ச்சியைக் குறிப்பால் உணர்த்த, இளையாழ்வார் விந்தியக் காட்டில் இரவோடிரவாகப் பிரிந்து, வேட்டுவர் இருவர் துணையால் காஞ்சியை வந்தடைந்தார்.

அக்காலத்தில் காஞ்சி அருளாளப் பெருமானுக்குத் திருவாலவட்டம் வீசும் பணியைத் திருக்கச்சி நம்பி செய்து வந்தார். அவர் பூவிருந்தவல்லியிற் பிறந்தவர். வேதம் ஓதும் குலத்தவர் அல்லர். எனினும், அன்பில் மிக்க அப்பெரியவரையே இளையாழ்வார் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். நம்பியோ, பெரிய தத்துவம் எதனையும் முதலிற் புகட்டினாரல்லர். சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் கொணர்ந்து இறைவனுக்கு அளிக்குமாறு பணித்தார். கற்றுத் துறைபோகிய இளைஞர் குடத்தைத் தோளில் ஏற்றார். பின்னாளில் பெருங்கோயில் ஒன்றின் பணிகளையெல்லாம் வகுக்கப் போகின்றவர், பணி என்பது யாது என்பதை முதலில் தம் தோளாலேயே கற்றுக்கொண்டார்.

திருவரங்கத்தில் வைணவர்க்குத் தலைவராய் விளங்கிய ஆளவந்தார், இளையாழ்வாரின் அறிவாற்றலைக் கேள்வியுற்று, அவரை அழைத்து வருமாறு பெரிய நம்பியை அனுப்பினார். இருவரும் காவிரிக்கரையை அடைந்தபொழுது ஆளவந்தார் உயிர் நீத்திருந்தார். அவருடைய கைவிரல்களில் மூன்று மடங்கியிருந்தன என்றும், அவர் உள்ளத்தில் நிறைவேறாதிருந்த மூன்று விருப்பங்களை முடிப்பதாக இளையாழ்வார் உறுதிமொழி கூற, அவ்விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்றும் கூறுவர். பிரம சூத்திரத்திற்கு உரை காண்பது, பராசரர் வியாசர் ஆகியோர் பெயரை உலகில் நிலைபெறச் செய்வது, நம்மாழ்வாரின் தமிழுக்கு விளக்கம் பரவச் செய்வது ஆகியவையே அம்மூன்றும். ஒரு மனிதர் ஓர் ஆயுளில் தனித்து முடித்தற்கு அரிய சுமை அது.

சில காலத்திற்குப்பின் மதுராந்தகத்தில், ஏரிகாத்த இராமர் கோயிலில், பெரிய நம்பியிடம் இளையாழ்வார் சமயத் தீக்கை பெற்றார். பின்னர் இல்லறத்தைத் துறந்து துறவு பூண்டார். அவருடைய மருகராகிய முதலியாண்டானும், கூரம் என்னும் ஊரிற் பெருஞ்செல்வராயிருந்து அச்செல்வத்தைத் துறந்து வந்த கூரத்தாழ்வானும் முதல் மாணாக்கர் ஆயினர். அவர்களுடன் இராமாநுசர் திருவரங்கம் புகுந்தார். அங்கே அவருக்கு உடையவர் என்னும் சிறப்புப் பெயர் வழங்கலாயிற்று. உடையவர் என்று உலகம் அழைத்த அவர், தமக்கென உடைமை ஒன்றும் இல்லாதவர். வீடுதோறும் பிச்சை ஏற்று உண்டவர். இந்த முரணிலேதான் அவருடைய தலைமையின் நுட்பம் அடங்கியுள்ளது.

திருவரங்கக் கோயில் மதில் ஏழு சூழ்ந்த பெருங்கோயில். நாள்வழிபாடு, திங்கள்விழா, ஆண்டுவிழா, மடைப்பள்ளி, நந்தவனம், கருவூலம், களஞ்சியம், வாயிற்காவல் என அங்கு நடைபெற வேண்டிய பணிகள் பல. கோயிலின் சாவியும் பொறுப்பும் பெரிய கோயில் நம்பி என்பவரிடம் இருந்தன. எதனையும் சீர்திருத்த முற்படுவோர்க்கு அவர் இசைவு வேண்டியிருந்தது. அவ்விசைவு எளிதிற் கிடைக்கவில்லை. இராமாநுசர் அவரை வலிந்து நீக்க விரும்பவில்லை. கூரத்தாழ்வானை அவரிடம் பழகச் செய்தார். ஆழ்வானின் கல்வியும் கனிவும் நம்பியின் உள்ளத்தை மாற்றின. சாவியை அவரே மனமுவந்து உடையவரிடம் ஒப்படைத்தார். அந்நம்பியே பின்னர்த் திருவரங்கத்தமுதனார் எனப் பெயர் பெற்று, 108 பாடல்களால் இராமாநுச நூற்றந்தாதியைப் பாடினார். எதிர்நின்றவரே ஏத்திப் பாடியது, பகையைப் பண்பால் வெல்லலாம் என்பதற்குச் சான்றாகும்.

சாவி கைக்கு வந்ததும் இராமாநுசர் அதனைத் தம் இடையிற் செருகிக்கொள்ளவில்லை. கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் பொறுப்பை முதலியாண்டானிடம் அளித்தார். பின்னர்ப் பணியாளரைப் பத்துக் கொத்துகளாக வகுத்தார் என்று கோயிலொழுகு என்னும் கோயில் வரலாற்று நூல் தெரிவிக்கின்றது. நீர் கொணர்தற்குத் திருக்கரகக்கையார், திருமொழிகளை இசைத்தற்கு விண்ணப்பம் செய்வார், வாயில் காத்தற்கு ஆரியபட்டாள், மாலை தொடுத்தற்குத் தாசநம்பிகள் என ஒவ்வொரு பணிக்கும் உரியவர் குறிக்கப்பட்டனர். யார் எவ்வேளையில் வருதல் வேண்டும், யாரிடமிருந்து எதனைப் பெற்று யாரிடம் சேர்த்தல் வேண்டும், அப்பணிக்கு உரிய ஊதியம் யாது என்பனவெல்லாம் வரையறுக்கப்பட்டன. மாலை தொடுப்பவர் மடைப்பள்ளியில் நுழைவதில்லை. நீர் கொணர்பவர் கருவூலத்தைத் திறப்பதில்லை. ஒருவர் பணியில் மற்றொருவர் குறுக்கிடாமையால் பூசல் குறைந்தது. ஒருவர் தவறினால் தவறியவர் யார் என்பதும் தெளிவாயிற்று.

பணிக்கு ஆள் தேர்ந்தபொழுது இராமாநுசர் பிறப்பை மட்டும் நோக்கினாரல்லர். உறையூரில் மல்லராய் இருந்த உறங்காவில்லி தாசர், தம் மனைவியாகிய பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாமற் குடை பிடித்து நடந்தவர். அரங்கனின் கண்ணழகைக் காட்டி அவரை ஆட்கொண்ட இராமாநுசர், அவருடைய தோள்வலியையும் விழிப்பையும் கோயிலுக்குப் பயன்படுத்தினார். ஆற்றில் நீராடச் செல்லும்பொழுது முதலியாண்டானின் கையையும், நீராடித் திரும்பும்பொழுது உறங்காவில்லி தாசரின் கையையும் பற்றி நடந்தார். குலப்பெருமை பேசியோர் முகம் சுளித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை.

முதலியாண்டானின் பணிவையும் ஒருகால் சோதித்தார். பெரிய நம்பியின் மகளாகிய அத்துழாய், மாமியார் வீட்டில் தண்ணீர் சுமக்கத் துணையின்றி வருந்தினாள். கோயிலை ஆளும் தகுதியுடைய முதலியாண்டானையே இராமாநுசர் அவளுக்குத் துணையாக அனுப்பினார். அவரும் மறுசொல் இன்றிச் சென்று நீர் சுமந்தார், அடுப்பூதினார். ஒருநாள் அவ்வீட்டில் நூற்பொருள் உரைத்தவர் பிழைபட உரைக்க, சமையல் செய்பவர் அதனைத் திருத்தினார். அப்பொழுதே அவர் யார் என்பது வீட்டாருக்குப் புலனாயிற்று. சிறுபணியைச் செய்ய நாணாதவரிடமே பெரும்பணி ஒப்படைக்கத் தக்கது என்பது இராமாநுசரின் கொள்கை போலும்!

ஒழுங்கு வந்தால் ஒழுங்கின்மையால் வாழ்ந்தவர்க்கு இழப்பு வரும். கோயிற் சீர்திருத்தத்தை வெறுத்த சிலர், அவர் ஏற்கும் பிச்சையுணவில் நஞ்சு கலக்கச் செய்தனர். சோறிட்ட பெண்மணி, சொல்லவும் இயலாமல் சொல்லாதிருக்கவும் இயலாமல், கலங்கிய மனத்துடன் அவர் காலில் விழுந்தாள். குறிப்பறிந்த இராமாநுசர் அவ்வுணவை உண்ணாது விடுத்தார். ஆயினும், ஒருவர் உள்ளத்தில் இத்தகைய பகை எழத் தாம் காரணமானோமே என்று உணவையே துறந்தார். செய்தியறிந்து திருக்கோட்டியூர் நம்பி வந்தார். முன்னொரு காலத்தில் இராமாநுசரைப் பதினெட்டு முறை நடக்கவைத்துத் திருமந்திரப் பொருளைக் கற்பித்தவர் அவர். மறைத்து வைக்குமாறு அவர் பணித்த அப்பொருளைத்தான், தாம் நரகம் புகினும் பலர் உய்வர் என்று கருதி, இராமாநுசர் யாவரும் கேட்க வெளிப்படுத்தினார். அத்தகைய ஆசிரியர் வரக்கண்ட இராமாநுசர், காவிரியின் சுடுமணலில் வீழ்ந்து வணங்கினார். நம்பி அவரை எழுமாறு கூறாது நின்றார். உடனிருந்த கிடாம்பி ஆச்சான் பொறாது, தம் ஆசிரியரைச் சுடுமணலிலிருந்து தூக்கி, நம்பியைக் கடிந்து பேசினார். நம்பி சினக்கவில்லை. இராமாநுசரின் உடலைப் பேணுபவர் யார் என்பதை அறியவே அவ்வாறு நின்றதாகக் கூறி, அன்று முதல் அவருக்கு உணவு சமைக்கும் பொறுப்பை ஆச்சானிடமே அளித்தார்.

இராமாநுசர் கோயிலிற் கண்ட இம்முறையின் சாயலை, இக்காலத் தரவுத்தளச் சேவையகத்திலும் காணலாம். தரவுத்தளம் என்பது கணக்கேடுகளின் தொகுதி. அத்தொகுதியைக் காத்து, கேட்போர்க்கு எடுத்து வழங்கும் கணினி ஏற்பாடே சேவையகம். 1986ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் என்னும் திட்டத்திலிருந்து வளர்ந்த சேவையக மென்பொருள், இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அதில் முதலில் இயங்கத் தொடங்கும் தலைமைச் செயல்முறைக்குப் போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். செயல்முறை என்பது, கணினியின் நினைவகத்தில் தனக்கென இடம்பெற்று இயங்கிக்கொண்டிருக்கும் நிரல். போஸ்ட்மாஸ்டர் வாயிலில் நின்று, வருவோரை எதிர்நோக்கும். கிடங்கிலுள்ள ஒருவர், சக்கரங்கள் எத்தனை இருப்பில் உள்ளன என்று அறிய வேண்டிக் கணினி வழியே இணைகின்றார் எனக் கொள்ளலாம். போஸ்ட்மாஸ்டர் தானே ஏட்டைப் புரட்டி விடை கூறுவதில்லை. அவருக்கென ஒரு பிள்ளைச் செயல்முறையைப் பிறப்பித்து, அவரை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, மீண்டும் வாயிலுக்கு வந்துவிடும். வந்தவர் இணைப்பைத் துண்டிக்கும்வரை அப்பிள்ளை அவர் ஒருவருக்கே பணிசெய்யும், பின்னர் முடிந்துவிடும். பத்துப் பேர் இணைந்தால் பத்துப் பிள்ளைகள் தோன்றும்.

இவையன்றி, வருவோர் எவரும் இல்லாதபொழுதும் நிலையாய்ப் பணிபுரியும் செயல்முறைகள் சில உள. நிகழும் மாற்றங்களை நாட்குறிப்பேட்டில் முன்னரே பதிந்துவைப்பது ஒன்று. நினைவகத்தில் உள்ளவற்றை உரிய காலத்தில் வட்டில் எழுதிச் சேர்ப்பது மற்றொன்று. பயனற்றுப்போன பழைய பதிவுகளைக் கூட்டிப் பெருக்குவதற்கு ஆள் அனுப்புவது பிறிதொன்று. எத்தனை பிள்ளைகளையும் பிறப்பித்துக்கொண்டே போதல் இயலாது. ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் கொள்ளும். ஆதலால் ஒரே வேளையில் இணைவோர் தொகைக்கு வரம்பு உண்டு. மென்பொருளை நிறுவும்பொழுது அது இயல்பாக 100 என்று அமைந்திருக்கும். ஒரே பதிவை இருவர் ஒருங்கே மாற்ற முற்பட்டால், முதலில் வந்தவர் அதனைப் பூட்டிக்கொள்ள, அடுத்தவர் காத்திருப்பர்.

இவ்வமைப்பில் மிக நுட்பமானது வேறொன்று. பிள்ளைச் செயல்முறைகள் அனைத்தும் பொது நினைவகம் ஒன்றைப் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்று இயல்புக்கு மாறாய் இடையில் வீழ்ந்துவிட்டால், அப்பொது நினைவகத்தை அது கெடுத்திருக்கவும் கூடும். உடனே போஸ்ட்மாஸ்டர் ஏனைய பிள்ளைகளையும் நிறுத்தி, பொது நினைவகத்தைப் புதிதாக அமைத்து, நாட்குறிப்பேட்டின் துணையால் கணக்கைச் சீர்செய்வித்து, மீண்டும் வாயிலைத் திறக்கும். இங்ஙனம் செய்ய அதனால் இயல்வது எதனால்? போஸ்ட்மாஸ்டர் இயன்றவரை அப்பொது நினைவகத்தைத் தொடாமல் ஒதுங்கி நிற்கின்றது. அதனாற் கேடு அதனைப் பற்றுவதில்லை. கோயிற் செல்வம் அனைத்தையும் வகுத்தளித்துவிட்டுத் தம் உணவுக்குத் தெருவிற் பிச்சை ஏற்ற உடையவரின் தலைமையும் இத்தகையதே. பொதுப்பொருளில் கை வையாதவனே, அப்பொருளுக்குக் கேடு வந்தபொழுது அஞ்சாது திருத்த வல்லவன்.

எனினும், மனிதரை ஆளுதற்கும் பொறியை இயக்குதற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை இராமாநுசர் நன்கு உணர்ந்திருந்தார். பிரம சூத்திரத்திற்கு உரை காண, போதாயனர் இயற்றிய பழைய விளக்கநூல் வேண்டியிருந்தது. அதன்பொருட்டு ஆசிரியரும் மாணாக்கரும் காசுமீரம்வரை சென்றனர். பெற்ற ஏட்டை அந்நாட்டார் வழியிற் பறித்துக்கொண்டனர். இராமாநுசர் வருந்தினார். கூரத்தாழ்வானோ, இரவுதோறும் கண்விழித்துப் படித்து அந்நூலை முழுதும் நெஞ்சிற் பதித்திருந்தார். ஏடு போயினும் நூல் போகவில்லை. திருவரங்கம் திரும்பியதும் ஆசிரியர் சொல்ல ஆழ்வான் எழுத, உரை தொடங்கியது. தாம் கூறுவது தவறாகத் தோன்றினால் எழுதுகோலை நிறுத்திவிடுமாறு ஆசிரியரே முன்னர்க் கட்டளையிட்டிருந்தார். ஓரிடத்தில் எழுதுகோல் நின்றது. இராமாநுசர் முதலிற் சினந்தார். பின்னர் ஆராய்ந்து, தம் கூற்றே திருந்த வேண்டியது எனத் தெளிந்தார். திருந்திய பொருளைக் கூற, எழுதுகோல் மீண்டும் நகர்ந்தது. அவ்வாறு உருவான நூலே சீபாடியம். பிள்ளைச் செயல்முறை, இட்ட கட்டளையை ஆராய்ந்து தலைவன் தவறினான் என்று நிற்பதில்லை. அறிவுடைய மாணாக்கர் நிற்பர். அவர் நிற்கும்போது அதனைப் பொறுக்கும் பண்பே மனிதத் தலைமையின் சிறப்பு.

இராமாநுசருக்குப் பெருந்துன்பம் ஒன்று வந்தது. சோழ மன்னன் ஒருவன் அவரைத் தன் அவைக்கு அழைத்தான். சென்றால் உயிருக்கு இறுதி நேரும் என்று அஞ்சிய கூரத்தாழ்வான், ஆசிரியரின் காவியுடையைத் தாம் அணிந்து அவைக்குச் சென்றார். பெரிய நம்பியும் உடன் சென்றார். இருவரும் கண்ணிழந்தனர். முதுமையிலிருந்த பெரிய நம்பி வழியிலேயே உயிர் துறந்தார். அங்கே ஆழ்வானின் வெள்ளுடை அணிந்து மேற்கே சென்ற இராமாநுசர், போசள நாட்டை அடைந்தார். விட்டுணுவர்த்தனன் என்னும் மன்னனின் ஆதரவு பெற்றார். மேல்கோட்டையில் கோயிலைச் சீர்ப்படுத்தி, திருக்குலத்தார் எனத் தாம் பெயரிட்ட எளியோர்க்குக் கோயிலில் நுழையும் உரிமையும் அளித்தார். காலம் கனிந்து திருவரங்கம் திரும்ப நேர்ந்தபொழுது, அங்கும் பணி நிற்றல் ஆகாது என்று கருதி, 52 பேரைக் கோயிற் பணிக்கு அமர்த்திவிட்டே புறப்பட்டார் என்பது மரபு.

திருமலையில் நாள்தோறும் மலர்ப்பணி செய்ய யாரேனும் செல்வார் உளரோ என்று அவையில் அவர் வினவியபொழுது, மலைக்குளிருக்கு அஞ்சாது எழுந்தவர் அனந்தாழ்வான். அவர் மனைவியுடன் திருமலைக்குச் சென்று ஏரி வெட்டி நந்தவனம் அமைத்தார். திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி என்னும் உரையை வரைந்தார். கூரத்தாழ்வானின் மைந்தருக்குப் பராசரர் என்று பெயரிட, அவர் பராசர பட்டர் என்று பெரும்புகழ் பெற்றார். இவ்வாறு ஆளவந்தாரின் மூன்று விருப்பங்களும் நிறைவேறின. நிறைவேற்றியவர் இராமாநுசர், நிறைவேறியதோ பலர் கையால்.

முதுமை எய்தியபொழுது 74 சிங்காசனாதிபதிகளை அமர்த்தி, தம் கொள்கையைப் பல ஊர்களிலும் பரப்பும் பொறுப்பை அவர்களிடம் பகிர்ந்தளித்தார். 120 ஆண்டுகள் வாழ்ந்து, 1137ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மறைந்தார் என்று மரபு கூறும். பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூரில், அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த அவருடைய திருமேனி இன்றும் வழிபடப்படுகின்றது.

போஸ்ட்மாஸ்டர் அற்றுப்போனால் அதன் பிள்ளைச் செயல்முறைகளும் ஒவ்வொன்றாய் முடிந்துவிடும். வேர் அற்றால் கிளை வாடுதல் பொறியின் இயற்கை. இராமாநுசர் வளர்த்த பிள்ளைகளோ, தலைவர் மறைந்தபின்னும் தாமே வேரூன்றித் தழைத்தனர். பொறுப்பைத் தம்மிடமே குவித்துக்கொள்பவர் தம் காலத்தளவே வாழ்வர். பிறரை நம்பிப் பகிர்ந்தளித்து, அவர் தம்மைத் திருத்தவும் இடங்கொடுத்து, பொதுப்பொருளைத் தீண்டாது வாழ்பவரின் பணி, அவர் மறைந்தபின்னும் நடந்துகொண்டே இருக்கும்.